விட்டுப்போன பங்குனி

தாராபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் வேண்டும். நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது எனக்கு இருபத்தொரு வயது. கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்து, அம்மாவும் நானும் சேர்க்கைக்குப் போயிருந்தோம். அப்பா வரவில்லை. அவர் வேலை பார்த்த கறிக்கோழிப் பண்ணையில் அன்று கோழி பிடிக்கிற நாள். லாரி வந்து நிற்கும்போது ஆள் குறையக் கூடாது.

கடல் எனக்குச் சிறுவயதுக் கனவு என்று சொன்னால் பொய். கோயம்புத்தூரில் விலங்கியல் பி.எஸ்சி. முடித்துவிட்டு அடுத்து எங்கே என்று தேடியபோது, அந்த ஒரு துறைக்குத்தான் விண்ணப்பங்கள் குறைவாக வந்திருந்தன. உதவித்தொகையும் விடுதியும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன். சேர்ந்த பிறகுதான் பிடித்தது. அதுவும் மற்றவர்கள் ஆசைப்பட்ட பவளமோ டால்பினோ அல்ல. எனக்குப் பிடித்தது சேறு. ஆறு கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீர் வற்றும்போது தெரிகிற கறுப்புச் சேறு. மேலே பார்த்தால் ஒன்றுமே இருக்காது. ஒரு கை அள்ளிச் சல்லடையில் போட்டு அலசினால் அத்தனை உயிர்கள் நெளியும்.

ஊரில் யாருக்கும் இது புரியவில்லை. 'மரைன்' என்ற சொல் மட்டும் காதில் தங்கி, நான் கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்று பரவிவிட்டது. பண்ணைக்காரர் அப்பாவிடம், "உன்ற புள்ள கப்பல்ல போகப் போகுதாமா? பரவால்லியே" என்று கேட்டாராம். அப்பா மறுத்துச் சொல்லவில்லை. இரண்டு வருடம் அப்படியே விட்டு வைத்திருந்தார். கப்பல் வேலைக்குச் சம்பளம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். புழுவைப் பார்க்கிற வேலைக்கு உண்டா என்று அவருக்கே தெரியாது.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் கொஞ்சத்தில் போயிற்று. அந்தத் தேர்வில் தேறியவர்களுக்கு உதவித்தொகை அவர்கள் பெயரிலேயே வரும். எந்தப் பேராசிரியரிடம் போனாலும் கூடவே போகும். தேறாதவர்கள் ஏதாவதொரு பேராசிரியரின் திட்டத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். திட்டம் ஓடும் வரைக்கும் அவர்களுக்கும் மாதச் சம்பளம். திட்டம் நின்றால் அவர்களும் நிற்க வேண்டியதுதான். நான் இரண்டாம் வகை.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் கடல் சம்பந்தமான திட்டம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. கோயம்புத்தூரில் கடலா என்று நானே சிரித்தேன். நேர்முகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஐம்பத்தைந்து வயதை ஒட்டிய ஒரு அம்மாள். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன். அவரும் என்னைப் போலக் கிழக்குக் கரையில் படித்தவர். கடல் புழுக்களில் முனைவர் பட்டம் வாங்கியவர். கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூர் வந்து, கல்லூரியில் வேலை கிடைத்து, அதன் பிறகு இருபது வருடம் ஊருக்குள் இருக்கிற குளங்களில் நத்தைகளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கடலைப் பற்றி எத்தனையோ திட்டங்கள் எழுதி டெல்லிக்கு அனுப்பியும் எதற்கும் பணம் வரவில்லை. ஓய்வுபெற ஐந்து வருடம் இருக்கும்போது ஒன்று தேறியது. அதற்குத்தான் ஆள்.

திட்டம் எளிமையானது. தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு கழிமுகம். அங்கே சேற்றுக்குள் வாழ்கிற ஒரு வகைப் புழுவை, இறால் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரிகள் விலைக்கு வாங்குகின்றன. அங்கே தாய் இறால்களுக்கு அந்தப் புழுவைத் தீனி போட்டால் நிறைய முட்டை வைக்கும். கரையோரக் குடும்பங்கள் பலவும் வருடம் முழுக்க அந்தப் புழுவைத் தோண்டி விற்கின்றன. இப்படியே தோண்டினால் தீர்ந்துவிடும். புழு எந்த மாதம் இனப்பெருக்கம் செய்கிறது என்று தெரிந்தால் அந்த ஒரு மாதம் மட்டும் தோண்டாமல் விடச் சொல்லலாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம், இருபத்துநான்கு மாதம், மாதம் தவறாமல் அமாவாசைக்கு அதே இடத்தில் சேறு எடுத்து, புழுக்களை எண்ணி, வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வருடம் தெரிந்தது இரண்டாம் வருடமும் அதே மாதத்தில் நடந்தால்தான் அது விஷயம். இல்லையென்றால் அது ஒரு தடவை நடந்த சம்பவம், அவ்வளவுதான்.

"ஒரு மாசம் கூட விடக் கூடாது. விட்டா மொத்தமும் போச்சு. முடியுமா பாத்துக்க" என்றார் மேடம்.

முடியும் என்றேன்.

ஆடியில் ஆரம்பித்தோம். அமாவாசைக்கு முதல் நாள் காலையில் சிங்காநல்லூரில் தஞ்சாவூர் பஸ் ஏறினால், தஞ்சாவூரில் மாறி, இன்னொரு முறை மாறி, சாயங்காலம் கரைக்குப் போய்ச் சேரலாம். அங்கே ஒரு படகுக்காரரும் அவர் மனைவியும் எங்களுக்கு வேலை செய்தார்கள். அவர்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்வேன். மறுநாள் தண்ணீர் வற்றுகிற நேரத்துக்குப் படகில் போய், இரும்புச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, சட்டத்துக்குள் இருப்பதை மட்டும் ஒரு கூலியாளை வைத்துத் தோண்டி, சல்லடையில் அலசி, புழுக்களைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் ஃபார்மலினில் போட்டு எடுத்துக்கொள்வேன். முதல் தடவை மேடமும் வந்தார். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு இறங்கியவர், தொடை வரைக்கும் புதைந்து, காலை எடுக்க முடியாமல் நின்றுகொண்டு சிரித்தார். துறையில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் மூட்டு வலி என்று அவர் வரவில்லை. நான் மட்டும் போய்வந்தேன்.

திரும்பி வரும்போது டப்பாக்கள் இருக்கிற பையைக் காலடியில் வைத்துக்கொள்வேன். எவ்வளவு இறுக்கி மூடினாலும் மருந்து வாடை வரும். ஒரு முறை காங்கேயம் தாண்டியதும் நடத்துநர் வந்து நின்று, "ஏனுங்கம்மணி, பையில என்ன வெச்சிருக்கறீங்க? கண்ணெல்லாம் எரியுதுன்னு பின்னாடி சத்தம் போடறாங்க" என்று கேட்டார். புழு என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிப் போய்விட்டார்.

மீதி நாட்கள் எல்லாம் நுண்ணோக்கியில். எண்ணுவதுதான் வேலை. எண்ணி, நீளம் அளந்து, பிளந்து பார்த்து, குறித்து வைக்க வேண்டும். எட்டு மாதம் எந்தப் புழுவிலும் ஒன்றும் இல்லை. ஒன்பதாவது மாதம், பங்குனி அமாவாசைக்கு எடுத்துவந்த முதல் டப்பாவிலிருந்து முதல் புழுவை நுண்ணோக்கியில் வைத்தபோது, பிளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தோலுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. உடம்பு முழுக்க, ரவையைக் கொட்டியது மாதிரி முட்டை. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். நான் எழுந்து போய் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் வகுப்பை விட்டுவிட்டு வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அடுத்த பங்குனி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத" என்றார்.

ஆனியோடு முதல் வருடம் முடிந்தது. இரண்டாம் வருடப் பணம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. செலவுச் சான்றிதழ் அனுப்பினோம். அதில் ஒரு கையெழுத்து இடம் மாறியிருக்கிறது என்று திரும்பி வந்தது. சரி செய்து அனுப்பினோம். அதற்குள் பணம் அனுப்புகிற முறை மாறிவிட்டது, வேறு வங்கியில் புதிதாகக் கணக்குத் தொடங்க வேண்டும் என்றார்கள். கல்லூரி அலுவலகத்தில் அதற்கு இரண்டு மாதம் ஆனது. டெல்லிக்குப் போன் செய்தால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

எனக்குச் சம்பளம் நின்றது. பயணச் செலவை இரண்டு மாதம் மேடம் கொடுத்தார். அவர் கையிலிருந்து வாங்குவது எனக்குக் கூச்சமாக இருந்தது. காந்திபுரத்தில் ஒரு நீட் பயிற்சி மையத்தில் விலங்கியல் எடுக்கச் சேர்ந்தேன். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் அது போதும். கரையில் தோண்டுகிற ஆளுக்குக் கூலி கொடுக்கத்தான் வழியில்லை.

அம்மா எங்கள் சர்ச்சில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயர், சுகமில்லாதவர்களின் பெயர்களை வாசித்து முடித்துவிட்டு, டெல்லியிலிருந்து எனக்கு வரவேண்டிய பணம் தடையின்றி வந்துசேர ஜெபிப்போம் என்றார். சபை முழுக்கத் தலைகுனிந்து ஜெபித்தது. நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர்களில் பாதிப் பேர் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள். எனக்காக அவர்கள் ஜெபிப்பதைக் கேட்க உடம்பு கூசியது. அந்த ஜெபம் ஆறு மாதம் நடந்தது. பிறகு அம்மாவே அந்தக் குறிப்பைக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

புரட்டாசி அமாவாசைக்கு நான் எப்படிப் போகப் போகிறேன் என்று போனில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பா பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார். போனை வாங்கி, "தோண்டறதுக்குத்தான ஆளு வேணும்? நா வாரேன்" என்றார்.

பண்ணையில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். மம்பட்டியைச் சாக்கில் சுற்றிக் கையோடு கொண்டு வந்திருந்தார். அங்கேயே இருக்கும் என்று சொல்லியும் கேட்கவில்லை. அடுத்தவன் மம்பட்டி கைக்கு வராது என்றார். கரைக்குப் போனதும் அவர் கடலைப் பார்த்து நின்ற நேரம் ரொம்பக் குறைவு. பெரிசாத்தான் இருக்குது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, படகுக்காரரிடம் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார்.

மறுநாள் அவர் தோண்டியதை நான் மறக்க மாட்டேன். முதல் இரண்டு சட்டம் தடுமாறினார். வயல் சேறு மாதிரி இல்லை, கீழே இழுக்கிறது என்றார். மூன்றாவதிலிருந்து சட்டத்தின் ஓரத்தை நூல் பிடித்தது போல வெட்டினார். ஒரு பிடிச் சேறு கூட வெளியே இருந்து உள்ளே வரவில்லை. என் பதினைந்து மாத மாதிரிகளில் அவ்வளவு சுத்தமாக எடுத்தது அன்றைக்குத்தான். படகுக்காரரின் மனைவி பார்த்துவிட்டு, "உங்கப்பாவ இங்கயே விட்டுட்டுப் போயிரும்மா" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

திரும்பும் வழியில், படகில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டே அப்பா கேட்டார்.

"இத எண்ணி என்ன கண்ணு பண்ணுவாங்க?"

ஒரு மாதம் தோண்டாமல் விட்டால் புழு அழியாது, எந்த மாதம் என்று சொல்வதற்குத்தான் எண்ணுகிறோம் என்று விளக்கினேன். அவர் யோசித்தார்.

"அத இவிங்க தெரிஞ்சுக்கறதுக்கு நீயா காசு போட்டு வரோணும்?"

நான் டப்பா மூடிகளை இறுக்கினேன். ஊருக்குப் போன பிறகு நான்கு நாள் அவரால் தோளைத் தூக்க முடியவில்லை என்று அம்மா சொன்னாள். அதன் பிறகு வருகிறேன் என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். நானே தோண்டக் கற்றுக்கொண்டேன். நேரம் இரண்டு மடங்கு ஆகும், தண்ணீர் ஏறிவிடும், இருந்தாலும் செய்தேன்.

மார்கழியில் திட்ட மதிப்பாய்வு என்று அறிவிப்பு வந்தது. கணினித் திரையில்தான். நான்கு பேர் நான்கு கட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். அது சரியாக நடந்தால் நின்றுபோன பணம் வந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். மேடம் ஒரு வாரம் தயார் செய்தார். என்னை எதிரே உட்கார வைத்து, கேள்விகள் கேட்கச் சொல்லி, பதில் சொல்லிப் பழகினார். கடற்கரையில் இத்தனை நிறுவனங்கள் இருக்கும்போது கோயம்புத்தூர்க் கல்லூரி ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஒரு நல்ல பதில் எழுதி வைத்திருந்தார். இத்தனை நிறுவனங்கள் இருந்தும் இந்தக் கழிமுகத்தில் இந்த வேலையை யாரும் செய்யவில்லை, நாங்கள் ஒரு மாதம் கூட விடாமல் செய்திருக்கிறோம் என்பது அதன் சாரம். ஒத்திகையில் அதை அவர் சொல்லும்போது குரல் கணீரென்று இருக்கும்.

அவர்கள் அதையேதான் கேட்டார்கள். நிதானமாக, ஆங்கிலத்தில், கிண்டல் ஒன்றும் இல்லாமல் கேட்டார் ஒருவர். மேடம் தன் தாளைப் பார்த்தார். பிறகு, தாங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவர்கள் நன்றி சொல்லி அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி கூட ஆகவில்லை.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினியை அணைத்துவிட்டு அவர் சொன்னார்: "இந்தக் கேள்விக்குப் பயந்துட்டுத்தாம்மா இருபது வருஷம் குளத்து நத்தையவே பாத்துட்டு இருந்தேன்."

பத்து நாளில் கடிதம் வந்தது. இதுவரை கிடைத்த தரவுகளோடு பணியை முடித்துக்கொள்ளலாம், மேற்கொண்டு நிதி விடுவிக்கப்படாது. இரண்டு வரி.

நான் நிறுத்தவில்லை. மார்கழி போனேன், தை போனேன், மாசி போனேன். மாசிப் புழுக்களில் முட்டை இல்லை, போன வருடமும் மாசியில் இல்லை. சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது பங்குனி.

பங்குனியில்தான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, பயிற்சி மையத்தில் நீட் தேர்வுக்கான அவசர வகுப்புகள் தொடங்கின. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வகுப்பு. மையத்தை நடத்துகிறவர் என்னிடம் கெட்டவராக நடந்துகொண்டதே இல்லை. மூன்று நாள் லீவு கேட்டேன். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, இந்த மாதம் போனால் வேறு ஆளைத்தான் போட வேண்டியிருக்கும், நீங்களே முடிவு பண்ணிக்குங்க என்றார். போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அமாவாசைக்கு முதல் நாள் காலையில் சல்லடை, சட்டம், காலி டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் போனேன். தஞ்சாவூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடமும் இருந்தது. நான் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த பஸ் போயிற்று. அடுத்த பஸ் வந்தது, அதுவும் போயிற்று.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று பல நாள் முயன்றிருக்கிறேன். உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. பஸ்ஸுக்குப் பணம் பையில் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, ஆனால் அது போனால் வேறு மையம் கிடைத்திருக்கும். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் போய் அந்த முட்டைகளைப் பார்த்தாலும், இதைக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அதை நினைத்ததும் எழுந்திருக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். மத்தியான வகுப்புக்குப் போய் மனித இதயத்தின் அறைகளைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.

மேடத்திடம் மறுநாள் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரின் பக்கம் பார்த்துவிட்டு, "சரி, விடு" என்றார்.

சித்திரையில் போனேன். புழுக்கள் காலியாக, வதங்கிப்போய் இருந்தன. முட்டை விட்டு முடித்த புழுக்களாகவும் இருக்கலாம், அந்த வருடம் முட்டையே பிடிக்காத புழுக்களாகவும் இருக்கலாம். பார்த்து வேறுபடுத்த முடியாது. அதற்குத்தான் பங்குனி வேண்டும். அதற்கப்புறம் போகவில்லை.

அடுத்த வருடம் மேடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மகன் இருக்கிற பெங்களூருக்குப் போய்விட்டார். என் முனைவர் பட்டப் பதிவு தொடர வேண்டுமென்றால் வேறு வழிகாட்டி வேண்டும். துறையில் கேட்டேன். எடுத்துக்கொள்கிறேன் என்றவர்கள் தலைப்பை மாற்றச் சொன்னார்கள். பட்டுப்புழு, கொசு, இப்படி. யோசிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலக்கெடு முடிந்தது. அலமாரியில் இருந்த டப்பாக்களை என்ன செய்வது என்று துறையிலிருந்து கேட்டார்கள். நான் படித்த கிழக்குக் கரைத் துறைக்கு எழுதினேன். முழுமையான தொடராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இடையில் விடுபட்டது என்றால் இடமில்லை என்று பதில் வந்தது. மருத்துவக் கழிவு எடுக்கிற வண்டி வந்த நாளில் நான் போய் நின்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். அப்பா வெட்டிக் கொடுத்த புரட்டாசி டப்பாக்களும் அதில் இருந்தன. ஒன்றையாவது எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். எடுத்துவந்து எங்கே வைப்பது? ஏற்றிவிட்டேன்.

இப்போது பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு சாயக்கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை. வருகிற தண்ணீரில் நிறமும் உப்பும் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. அப்பா பண்ணை வேலையை விட்டுவிட்டார், தோள் அதன் பிறகு முழுசாகச் சரியாகவேயில்லை.

சென்ற ஆண்டு படகுக்காரர் போன் செய்தார். நான் போவதை நிறுத்திய பிறகும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுவார். இது அப்படி இல்லை.

"புழு பாதி கூட இல்லம்மா" என்றார். "சங்கத்துல பேசி ஒரு மாசம் தோண்டாம இருக்கலாம்னு எல்லாரையும் சம்மதிக்க வச்சிருக்கேன். எந்த மாசம்னுதான் கேக்குறாங்க. நீங்க கண்டுபிடிச்சீங்கள்ல?"

"பங்குனியா இருக்கலாம்ணே."

"இருக்கலாமா? பங்குனிதானா?"

ஒரு வருடம் பார்த்ததை வைத்து எப்படிச் சொல்வது? தவறாகச் சொன்னால் அத்தனை குடும்பமும் ஒரு மாத வருமானத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும், புழு வேறு மாதத்தில் முட்டை வைத்துக்கொண்டிருக்கும். தெரியவில்லை அண்ணே என்றேன். இருக்கலாம் என்று சொன்னால் ஒருத்தனும் மம்பட்டியைக் கீழே வைக்க மாட்டான் என்றார் அவர். பிறகு அப்பாவை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சர்ச் வாசலில் ஒரு அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். தோட்ட வேலைக்குப் போகிறவள். மகளுக்கு நான் படித்த அதே இடத்தில் அதே எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. பி.எட்.டுக்கும் கோயம்புத்தூரில் ஒரு இடம் இருக்கிறது. எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை, நீ படித்ததுதானே, நீ சொன்னால் சரியாக இருக்கும் என்றாள்.

"பி.எட். சேத்துருங்கக்கா" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று உள்ளுக்குள் தேடவும் ஆரம்பித்துவிட்டேன், அந்தப் பங்குனிப் புழுவைப் பற்றிக்கூட ஒரு வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. அவள் கேட்கவில்லை. அவளுடைய அம்மா என் கையைப் பிடித்து, நல்ல வார்த்தை சொன்ன கண்ணு என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பி.எட்.டுக்குப் பணம் கட்டிவிட்டதாக நேற்று அம்மா போனில் சொன்னாள்.